ரால்ஃப் சொல்வதெல்லாம் உண்மை

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் நான்காம் சீசன் டிவிடி தொகுப்பை எங்கள் ஊர் நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் 4 டாலருக்கு வாங்கினேன். நான்கு வட்டுகள், 22 கதைகள். அவற்றில் ஒரே ஒரு கதைக்காகத்தான் வாங்கினேன். அந்தக் கதையில் வரும் ஒரு பையனுக்காக என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அவன் பெயர் ரால்ஃப் விக்கம். ஸ்பிரிங்ஃபீல்டு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஊர்க் காவல்துறைத் தலைவரின் மகன். தொடருக்குப் பெயர் கொடுத்த குடும்பத்தில் அவனுக்கு இடமில்லை. அந்த வீட்டுப் பெண் லீசாவோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். பல கதைகளில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விடுவான். பல கதைகளில் வரவே மாட்டான்.

நான் நியூ ஜெர்சியில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக வகுப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். எனக்கும் இரண்டாம் வகுப்புதான். ஆசிரியர் பலகைக்கு முன் நின்று பாடம் நடத்துவார். பின்தங்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில், அவர்களுக்காகச் செய்த குட்டி நாற்காலியில், நான் உட்கார்ந்திருப்பேன். ஷூ கயிறு கட்டிவிடுவது, மூக்கைத் துடைத்துவிடுவது, வாய்க்குப் போகும் பசையைப் பாதிவழியில் பிடிப்பது எல்லாம் என் வேலை. அதனால் ரால்ஃபை டிவியில் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஒவ்வொரு செப்டம்பரிலும் அவன் வேறு பெயரில், வேறு நிறத்தில், வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்து என் மேசையில் உட்காருவான்.

என் மகனுக்கு வயது 14. ஒரு நாள் மாலை கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ரால்ஃப் பேசும் துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளி அது. மூன்று நொடிக்கு ஒரு வாக்கியம். பையன் வாயைத் திறக்கிறான், சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறான், உடனே அடுத்த துண்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதற்காக அவனைப் பார்த்துச் சிரிக்கிறாய்?" என்று கேட்டேன். "அம்மா, இது கார்ட்டூன்" என்றான். "அப்படியானால் அவன் வரும் முழுக் கதை ஒன்றைப் போட்டுக் காட்டு" என்றேன். அவன் யோசித்துத் தேடிப் போட்ட கதைதான் 'ஐ லவ் லீசா'. அதைப் பார்த்து முடித்ததும் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த விமர்சனத்தை எழுதத் தூண்டியது அந்த மாலைதான்.

'ஐ லவ் லீசா' இந்தத் தொகுப்பின் பதினைந்தாவது கதை. 1993 பிப்ரவரி 11, வியாழக்கிழமை, ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பானது. எழுதியவர் ஃபிராங்க் மூலா, இயக்கியவர் வெஸ் ஆர்ச்சர். தமிழில் நாம் காதலர் தினம் என்று சொல்லும் பிப்ரவரி 14-ஐச் சுற்றிய கதை இது. ஆனால் அந்தத் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு இந்தக் கதைக்குள் நுழைய முடியாது. அமெரிக்கத் தொடக்கப்பள்ளியில் அந்த நாள் காதலர்களுடையது அல்ல. அட்டை கொடுக்கும் நாள். பிள்ளைகள் பழைய ஷூ பெட்டியை எடுத்து, சிவப்புக் காகிதம் ஒட்டி, மேலே ஒரு கீறல் போட்டுத் தங்கள் தபால்பெட்டியைச் செய்வார்கள். ஒருவர் பெட்டியில் ஒருவர் சின்னச் சின்ன அட்டைகளைப் போடுவார்கள். அட்டையில் கரடி இருக்கும், கார் இருக்கும், சொல்லை வைத்து விளையாடும் ஒரு வரி இருக்கும்.

இப்போது எங்கள் பள்ளியில் ஒரு விதி உண்டு. கொண்டுவந்தால் வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் கொண்டுவர வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்தில் பெயர்ப்பட்டியலை நகல் எடுத்து ஒவ்வொரு பையிலும் வைத்து அனுப்புவதே என் வேலைதான். இப்படி விதி வைத்திருக்கும் பள்ளிகள் இங்கே நிறைய உண்டு. கதையில் ரால்ஃபுக்கும் லீசாவுக்கும் ஆசிரியர் மிஸ் ஹூவர். அவர் வகுப்பில் அந்த விதி இல்லை. அதனால் ரால்ஃபின் பெட்டி காலியாக இருக்கிறது. எல்லோரும் அட்டையைப் பிரித்துப் படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். ரால்ஃப் புகார் சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனை லீசா மட்டும் பார்க்கிறாள். தன்னிடம் உள்ளதில் ஓர் அட்டையை எடுத்து அவசரமாக அவன் பெயரை எழுதிக் கொடுக்கிறாள்.

அந்த அட்டையில் ஒரு ரயில் இருக்கிறது. ரயில் கூவும் ஒலியை ஆங்கிலக் குழந்தைகள் 'சூ சூ' என்பார்கள். தேர்ந்தெடுப்பதற்கு ஆங்கிலச் சொல் 'சூஸ்'. இரண்டையும் சேர்த்து, உன்னையே நான் தேர்ந்தெடுக்கிறேன் என்று ரயில் சொல்வதுபோல எழுதியிருக்கும். கடையில் மொத்தமாக விற்கும் அட்டைதான். லீசாவுக்கு அது ஓர் அட்டை. ரால்ஃபுக்கு அப்படி அல்ல. அட்டையில் எழுதியதை அவன் எழுதியபடியே நம்புகிறான். தன்னை ஒருத்தி தேர்ந்தெடுத்திருக்கிறாள், கூடவே ஒரு ரயில் படமும் இருக்கிறது என்று அவன் சொல்லும்போது, அவனுக்கு இரண்டும் சம அளவு மகிழ்ச்சி தருகின்றன என்பது குரலிலேயே தெரிகிறது. தொடரின் தயாரிப்பாளர் ஆல் ஜீன் மூன்றாம் வகுப்பில் படித்தபோது அவருக்கே இப்படி ஒரு ரயில் அட்டை வந்திருக்கிறது. கதைக்கு விதை அதுதான். வளர்ந்த மனிதர் ஒருவர் அந்த அட்டையை அத்தனை ஆண்டுகள் மறக்காமல் இருந்தார் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

நான் சொல்ல வந்தது இனிதான் வருகிறது. ரால்ஃபை எல்லோரும் மந்தமானவன், உளறுகிறவன் என்கிறார்கள். அவன் பேசுவதை நான் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். முதல் சில சீசன்களில் அவன் உளறுவதே இல்லை. அவன் சொல்வது அநேகமாக எல்லாமே உண்மை. தன்னிடம் சிவப்பு கிரேயான் இல்லை என்கிறான். ஏன் என்று ஆசிரியர் கேட்டால், தின்றுவிட்டேன் என்கிறான். தின்றுதான் இருக்கிறான். லீசாவோடு வீட்டுக்கு நடந்து போகும்போது, விரலை மூக்கிலிருந்து எடுத்தால் இத்தனை முறை ரத்தம் வராது என்று மருத்துவர் சொன்னதைச் சொல்கிறான். மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், பையனும் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். ஆறாம் சீசனில் வரும் இன்னொரு கதையில், தன் பூனையின் வாயில் பூனை உணவின் வாசம் அடிக்கிறது என்கிறான். வேறு எந்த வாசம் அடிக்கும்?

அவனுடைய குறை அறிவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. எந்த உண்மையை எப்போது சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்ற கணக்கு அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. மற்ற எட்டு வயதுப் பிள்ளைகள் அதை எங்கிருந்தோ கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். யாரும் பாடமாக நடத்துவதில்லை, இடைவேளையிலும் பேருந்திலும் காற்றில் பிடித்துக்கொள்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது காற்றில் கிடைப்பதில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரத்தான் என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இருவரும் வீட்டுக்கு நடந்து போகும் அந்தக் காட்சியிலேயே இன்னொரு இடம் வருகிறது. இருவருக்கும் பேச எதுவும் இல்லை. மௌனம் நீள்கிறது. உனக்கு ஏதாவது பிடிக்குமா என்ற பொருளில் ரால்ஃப் ஒரு கேள்வி கேட்கிறான். எது பிடிக்கும் என்று கேட்கத் தெரியவில்லை, பொதுவாக 'ஏதாவது' என்கிறான். அரங்கில் சிரிப்பு வரவேண்டிய வசனம் அது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பேச்சு என்றால் கேள்வி கேட்க வேண்டும் என்ற அளவுக்கு அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. கேள்வியின் சட்டத்தைச் செய்துவிட்டான், உள்ளே வைக்கப் பொருள் கிடைக்கவில்லை. எங்கள் வகுப்பில் இதற்காகவே பயிற்சி கொடுக்கிறோம். படங்கள் ஒட்டிய அட்டைகளைக் கொடுத்து, "உனக்கு எந்த மிருகம் பிடிக்கும்?", "உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கவைக்கிறோம். ரால்ஃப் அந்தப் பயிற்சியில் பாதி தூரம் தானாகவே வந்துவிட்ட பையன்.

கதையின் நடுப்பகுதி எனக்குப் பிடிக்காது. பிடிக்காதபடிதான் எழுதியிருக்கிறார்கள். ரால்ஃபின் அப்பா தன் பதவியைப் பயன்படுத்தி மகனுக்கு வழி செய்கிறார். அமெரிக்க அதிபர்களை நினைவுகூரும் அதிபர்கள் தினப் பள்ளி நாடகத்தில் ரால்ஃபுக்கு முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் வேடமும், லீசாவுக்கு அவர் மனைவி மார்த்தா வாஷிங்டன் வேடமும் அவர் தலையீட்டில் கிடைக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சிக் கோமாளி கிரஸ்டியின் ஆண்டு விழா நிகழ்ச்சிக்கு டிக்கெட்டும் அவர் வழியாக வருகிறது. எப்படிப்பட்ட இடத்தில் கிரஸ்டியைப் பிடித்து அந்த டிக்கெட்டை வாங்கினார் என்பதைச் சிறு பிள்ளைகளுக்கு விளக்க முடியாது. கார்ட்டூன்தானே என்று ஆறு வயதுக் குழந்தையை உட்காரவைத்துவிடாதீர்கள். பத்து வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம்.

பிறகு அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. கேமரா தன் பக்கம் திரும்பியதும் ரால்ஃப் ஊரறிய லீசாவைத் தன் அன்புக்குரியவள் என்கிறான், பெரியவனானதும் கல்யாணம் செய்துகொள்வோம் என்கிறான். லீசா தாங்க முடியாமல் கத்திவிடுகிறாள். உன்னை எனக்குப் பிடிக்கவில்லை, ஒருபோதும் பிடித்ததில்லை, யாருமே கொடுக்கவில்லையே என்றுதான் அந்த அட்டையைக் கொடுத்தேன் என்கிறாள். இங்கேயும் கவனியுங்கள், அவள் சொல்வதும் உண்மை. கதை முழுக்க ரால்ஃப் நேரம் தெரியாமல் உண்மை பேசிக்கொண்டிருந்தான், ஒருவருக்கும் காயம் படவில்லை. கெட்டிக்காரியான லீசா ஒரே ஒரு முறை நேரம் தெரியாமல் உண்மை பேசுகிறாள், ஒரு பையன் உடைந்துபோகிறான். ஒரே தவறை இருவரையும் செய்யவைத்து, எது எவ்வளவு எடை என்று பார்க்க நம்மிடமே விட்டுவிட்ட எழுத்து இது. அதற்காக ஃபிராங்க் மூலாவைக் கைகூப்பி வணங்குவேன்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு, லீசாவின் அண்ணன் பார்ட் அந்த ஒளிப்பதிவை வீட்டில் ஓடவிட்டு, படம் படமாக நகர்த்தி, ரால்ஃபின் நெஞ்சு உடையும் நொடி எது என்று காட்டுகிறான். டிவிடி வாங்கியதில் எனக்குக் கிடைத்த பெரிய அனுபவம் இந்த இடத்தில்தான். ரிமோட்டில் அதே பொத்தான் என்னிடமும் இருந்தது. நானும் நிறுத்தி நிறுத்தி நகர்த்தினேன். முதலில் அவன் உதட்டோரம் இறங்குகிறது, பிறகு கண். கணினி வண்ணம் தீட்டாத காலம் அது, ஒவ்வொரு தாளையும் கையால் தீட்டிய காலம். இந்தத் தொடரின் அசைவூட்ட வேலை ஃபிலிம் ரோமன் நிறுவனத்துக்கு மாறியதும் இந்த நான்காம் சீசனில்தான். ஒரு வளைகோட்டைச் சற்றே தாழ்த்தி வரைந்து ஒரு குழந்தையின் துயரத்தைக் காட்டிவிட்டார்கள். மூன்றாவது முறை பொத்தானில் விரல் வைத்தபோது, பார்ட் செய்ததையே நானும் செய்கிறேன் என்று தோன்றியது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

குரலைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. ரால்ஃபுக்குக் குரல் கொடுப்பவர் நான்சி கார்ட்ரைட். பார்ட்டுக்கும் அவர்தான் குரல். நெஞ்சு உடைந்த பையனும், அந்த நொடியைப் படத்தில் நிறுத்திக் காட்டிய பையனும் ஒரே பெண்ணின் தொண்டையிலிருந்து வருகிறார்கள். பார்ட்டின் குரல் கரகரப்பாக, முன்னால் பாய்ந்து வரும். ரால்ஃபின் குரலில் மூச்சு அதிகம். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக எடுத்து, இது சரியான சொல்தானா என்று தடவிப் பார்த்து வைப்பதுபோல இருக்கும். கேலி செய்யும் குரலில் பேசியிருந்தால் இந்தக் கதை நின்றிருக்காது. லீசாவாகப் பேசும் யார்ட்லி ஸ்மித் கத்தும் இடத்திலும் கோபத்தைவிடப் பதற்றம்தான் மேலே கேட்கிறது.

இறுதிப் பகுதி பள்ளி நாடகம். காதலர் தினமும் அதிபர்கள் தினமும் அமெரிக்க நாட்காட்டியில் அடுத்தடுத்து வருகின்றன. பிப்ரவரியின் மூன்றாம் திங்கள்கிழமை அதிபர்கள் தினம். 1993-இல் 14-ஆம் தேதி ஞாயிறு, மறுநாளே அதிபர்கள் தினம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அந்த வாரம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இளஞ்சிவப்புக் காகிதம் தரையிலிருந்து போவதற்குள் லிங்கனின் தொப்பிக்குக் கறுப்புக் காகிதம் வெட்ட வேண்டும். நாடகத்தில் பெயர் மறந்துபோன அதிபர்கள் வரிசையாக நின்று பாடுகிறார்கள். பதவியேற்று ஒரு மாதத்தில் இறந்துபோன வில்லியம் ஹென்றி ஹாரிசனும் அவர்களில் உண்டு. அந்தப் பாட்டை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பாடத் தெரியாதவர்கள் குறைவு.

பிறகு ரால்ஃப் மேடைக்கு வருகிறான். வாஷிங்டனின் சொற்களைப் பேசுகிறான். தடுமாற்றம் இல்லை, குரல் நிமிர்ந்து நிற்கிறது. வாஷிங்டன் இறக்கும் காட்சி வந்ததும் அரங்கம் கலங்குகிறது. இது நம்பத்தகாதது, கதைக்காக வைத்தது என்று என் மகன் சொன்னான். அதை நான் மறுக்கிறேன், என் கண்ணால் பார்த்ததை வைத்து மறுக்கிறேன். ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறும் பிள்ளை, மனப்பாடமான பாட்டைத் தங்கு தடையில்லாமல் பாடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அடுத்து என்ன சொல்வது என்ற பயம் அங்கே இல்லை. சொல் ஏற்கெனவே இருக்கிறது, நேரம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது. எதை எப்போது சொல்வது என்ற கணக்குத்தானே ரால்ஃபுக்குச் சிக்கல்? நாடகம் அந்தக் கணக்கை அவனுக்காகப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. மீதி இருப்பது அவன் துக்கம். அதை முழுக்க வேடத்தில் கொட்டிவிடுகிறான்.

நாடகம் முடிந்ததும் லீசா அவனுக்கு இன்னோர் அட்டை தருகிறாள். தேனீ படம் போட்டது. ஆங்கிலத்தில் தேனீயும் 'பீ', இருப்பதும் 'பீ'. நண்பர்களாக இருப்போம் என்பதை அதை வைத்துச் சொல்விளையாட்டாக எழுதியிருக்கிறாள். முதல் அட்டை இரக்கத்தில் கொடுத்தது, பொய். இரண்டாவதில் இருப்பது அப்படியே உண்மை. எழுதியதை எழுதியபடி நம்பும் பையனிடம் கொடுக்கத் தகுந்த அட்டை. ஊஞ்சலில் இருவரும் உட்கார்ந்திருக்க, அப்பா தூரத்தில் ரோந்துக் காரில் இருந்து பார்க்கிறார். கதை அங்கே நிற்கிறது. காதல் நிறைவேறவில்லை, யாரும் யாரையும் திருத்தவும் இல்லை.

இதையெல்லாம் மூன்று நொடித் துண்டுகளில் பார்க்க முடியாது. துண்டில் ரால்ஃப் கிரேயான் தின்றவன். 22 நிமிடத்தில் அவன் ஒரு பிள்ளை. இந்தத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வதற்கு அதுவே எனக்குப் போதுமான காரணம்.

பொருளாக இது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சில விவரங்கள். தொகுப்பு அமெரிக்காவில் 2004 ஜூன் மாதம் வெளியானது. ஒவ்வொரு கதைக்கும் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் பேசும் விளக்கவுரை தனி ஒலித்தடமாக இருக்கிறது. படம் பழைய சதுர டிவி அளவிலேயே இருக்கிறது, பக்கத்தில் கறுப்புப் பட்டை வரும், அதுதான் வரைந்த அளவு. டிஸ்னி பிளஸ் தளத்தில் 2019 நவம்பரில் இந்தத் தொடர் வந்தபோது பழைய கதைகளை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். 2020 மே முதல் பழைய அளவிலும் பார்க்கலாம். அங்கே பார்ப்பவர்கள் அந்தத் தெரிவை மாற்றிக்கொள்ளுங்கள். வட்டு அமெரிக்கப் பகுதிக் குறியீடு 1 கொண்டது. இந்தியாவின் எண் 5. ஊருக்கு வாங்கி அனுப்ப நினைப்பவர்கள், எல்லாப் பகுதி வட்டுகளும் ஓடும் இயந்திரம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். பழையதாக வாங்கினால் வட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். எனக்குக் கிடைத்ததில் முதல் வட்டில் கீறல், ஒரு கதை நடுவில் திணறுகிறது. நல்லவேளையாக அது ரால்ஃபின் கதை இல்லை. மோனோரயில் கதையும், பல் மருத்துவக் காப்பீட்டுக்காக வேலைநிறுத்தம் செய்யும் கதையும் இதே தொகுப்பில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

ரால்ஃபைத் தொடர்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்து ஆறாம் சீசனுக்குப் போகலாம். 1994 செப்டம்பரில் வந்த 'லீசாஸ் ரைவல்' கதையில், மற்றப் பிள்ளைகள் வெட்டி ஒட்டிப் பெட்டிக்குள் காட்சிகள் அமைத்துப் போட்டிக்கு வருகிறார்கள். ரால்ஃப் பிரிக்காத பெட்டியோடு 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளைக் கொண்டுவந்து வைக்கிறான், பரிசும் வாங்கிவிடுகிறான். அதே ஆண்டு நவம்பரில் 'லீசா ஆன் ஐஸ்'. ஆங்கிலத்தில் தேறவில்லை என்று சொன்னதும், அது நடக்காத காரியம் என்று சொல்லவந்து, 'நடக்காத' என்ற சொல்லுக்குத் தவறான முன்னொட்டைச் சேர்த்துவிடுகிறான்; 'இம்பாசிபிள்' என்பது 'அன்பாசிபிள்' ஆகிவிடுகிறது. உலகமே அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறது. நான் அதைக் கேட்டு மகிழ்ந்தேன். விதியைத் தெரிந்த பிள்ளைதான் அப்படித் தவறு செய்யும். சொல்லுக்கு முன்னால் எதிர்மறை ஒட்டு வரும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, இந்தச் சொல்லுக்கு எந்த ஒட்டு என்பது மட்டும் தெரியவில்லை. எங்கள் வகுப்பில் இப்படி ஒரு தவறு வந்தால் ஆசிரியரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பிள்ளை மொழியைப் பிடித்துவிட்டான் என்று அர்த்தம்.

ஒன்பதாம் சீசனில் பாதை மாறுகிறது. 1998 மார்ச்சில் வந்த 'திஸ் லிட்டில் விக்கி' முழுக்க ரால்ஃபுக்கான கதை. பார்ட்டின் அம்மா வற்புறுத்தி இருவரையும் சேர்த்து விளையாடவைக்கிறார். பார்ட்டுக்கு ரால்ஃபின் அப்பா வைத்திருக்கும், ஊர்க் கதவுகளையெல்லாம் திறக்கும் சாவிமேல்தான் கண். தனியாக விளையாடிப் பழகிய பிள்ளைக்கு ஒரு தோழன் கிடைப்பதும், அந்தத் தோழன் பெரிய பையன்கள் முன்னால் அவனை விட்டுக்கொடுப்பதும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் முடிவில், தீ வைக்கச் சொல்லும் ஒரு குட்டிப் பூதம் ரால்ஃபின் காதில் பேசுகிறது. அந்த இடத்தில் அவனை எழுதுகிறவர்கள் அவன் கையை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். உண்மையைத் தப்பான நேரத்தில் சொல்கிறவன் போய், விசித்திரமானதைச் சொல்கிறவன் வந்துவிடுகிறான். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த இரண்டாமவனைத்தான் அதிகம் பார்க்கிறோம். 2008 ஜனவரியில், அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டின் தொடக்கத்தில் வந்த கதையில் ஊரே அவனை வேட்பாளராக்குகிறது, இரண்டு கட்சிகளும் அவனுக்காகப் போட்டி போடுகின்றன. அது வாக்காளர்களைப் பற்றிய கதை, ரால்ஃபைப் பற்றியது அல்ல. ஒரு முறை பார்த்தேன், அது போதும்.

சென்ற ஆண்டு என் மேசையில் இருந்த பையனுக்கும் வயது எட்டு. மதிய உணவு நேரத்தில் என் டப்பாவைத் திறக்கும்போது வந்து நிற்பான். இட்லியைப் பார்த்து முதல் நாள், "உங்கள் ரொட்டிக்கு வியர்க்கிறது" என்றான். பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் மூடியைப் பார்த்தேன். காலையில் அவசரத்தில் சூடாக மூடிய டப்பா, மூடி முழுக்க நீர்த்துளிகள். "ஆமாம், வியர்க்கிறது" என்றேன். அன்றிலிருந்து தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவான். பிப்ரவரி 14 அன்று வகுப்பு முழுவதற்கும் அட்டை கொண்டுவந்தான், எனக்கும் ஒன்று. உள்ளே எதுவும் எழுதவில்லை, வெளியே ஒரு டைனோசர். கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம்.

ஜூன் மாதம் பள்ளி மூடும் நாளில் அவன் குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போவதாகச் சொன்னார்கள். அன்றும் வழக்கம்போல வந்து என் டப்பாவை எட்டிப் பார்த்தான். "இன்றைக்கு வியர்க்கவில்லை" என்றான். அன்று ஆறவைத்துத்தான் மூடியிருந்தேன்.